விளங்கேல்லை என்று சொல்லித் தப்பின காலம்

சீனாவில் ஒரு வருசம் படித்துவிட்டு வந்தால் ஊரில் இரண்டு கேள்விகள் நிச்சயம். ஒன்று, "அங்க நாய், பாம்பு எல்லாம் திண்டனியளோ?" மற்றது, "அவங்கள் எங்கட நாட்டை எப்ப முழுசா எடுக்கப் போறாங்களாம்?" முதலாவதைக் கேட்பது மாமிமார். இரண்டாவதைக் கேட்பது ஓட்டோ அண்ணாமார். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருசக் குத்தகைக்குப் போனதுக்கும் நாங்கள்தான் கணக்குச் சொல்ல வேணும் போல.

எங்களில் ஒராளின்ர அம்மம்மா மட்டும் வேறொன்று கேட்டா: "அங்க உங்களுக்கு ஆரும் பழக்கமோ பிள்ளை?"

ஓம் என்று சொன்னோம். ஆனால் அந்த "ஓம்" சொல்ல எங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது, அதில் எங்கட பிழை எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒராள் கிண்ணியா. மூன்று பேரும் கலைப்பீடம். சீன மொழி படிக்க ஒரு வருசப் புலமைப்பரிசில் கிடைத்து, யுனான் மாகாணத்தின் தலைநகர் குன்மிங்குக்குப் போனோம். நுவரெலியா அளவு உயரத்தில் பல மில்லியன் சனம் வாழ்கிற ஒரு நகரத்தை நினைத்துப் பாருங்கோ, அதுதான் குன்மிங். செப்டெம்பரில் போனோம். ஜனவரி வரைக்கும் நண்பர் என்று சொல்ல ஒரு சீனர்கூட எங்களுக்கு இல்லை. வீசாட்டில் மட்டும் இருநூறு பேர் இருந்தார்கள். அந்த ஐந்து மாதமும் நாங்கள் வீட்டுக்குச் சொன்ன வசனம் ஒன்றுதான்: "இவங்கள் எங்களோட சேரமாட்டாங்கள்."

இப்ப யோசித்தால் அந்த வசனத்தில் பாதி உண்மை, பாதி எங்கட சோம்பல்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே தனி ஹொஸ்டல். எங்களுக்கு ஒரு அறைக்கு இரண்டு பேர். சீனப் பிள்ளைகளுக்கு ஆறு பேர், மேல் கட்டில் கீழ் கட்டில். அவர்களுடைய ஹொஸ்டல் கேற் இரவு பதினொரு மணிக்குப் பூட்டிவிடும். வகுப்பிலாவது பழகலாம் என்றால், சீன மொழி வகுப்பில் சீனர் எப்படி இருப்பார்? லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் பிள்ளைகளோடுதான் இருந்தோம். ஆக, சீனாவுக்குப் போய், சீனர் இல்லாத கட்டடத்தில் படுத்து, சீனர் இல்லாத வகுப்பில் சீனம் படித்தோம். விருந்தாளி மாதிரிக் கவனித்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் விருந்தாளியை யாரும் குசினிக்குள் விடுவதில்லை.

நிறமும் இருக்கிறது. பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீற் கடைசியாகத்தான் நிரம்பும். கேட்காமலே போட்டோ எடுப்பார்கள். ஒருமுறை சுற்றுலா போன இடத்தில், வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று ஒரு ஹோட்டலில் திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் மறைத்து "நட்பு நட்பு" என்று எழுதினால் அது தூதரகத்துத் துண்டுப்பிரசுரமாகிவிடும்.

மற்றப் பாதி எங்கட போனுக்குள் இருந்தது. சீனாவில் போன் இருந்தால் வாய் தேவையில்லை. சாப்பாட்டுக்கு கியூஆர், பஸ்ஸுக்கு கியூஆர், மரக்கறிச் சந்தையில் இஞ்சி விற்கிற ஆச்சியிடமும் கியூஆர். மாதக்கணக்கில் ஒரு சொல் கதைக்காமல் வயிறு நிறையச் சாப்பிடலாம். இரவானால் விபிஎன் போட்டு வட்ஸ்அப்புக்குள் போய்விடுவோம். எங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து கதைக்கத் தொடங்க எங்களுக்கு நடுச்சாமம் ஆகிவிடும். உடம்பு குன்மிங்கில், காது யாழ்ப்பாணத்தில். காலமை எழும்பினால் வகுப்பில் நித்திரை.

இதுக்கு மேலே எங்களிடம் ஒரு மந்திரச் சொல் இருந்தது: "திங் பு தொங்." கேட்குது, விளங்கேல்லை என்று அர்த்தம். போன முதல் கிழமையே பாடமாக்கிய சொல். ராக்சி அண்ணை "எந்த நாடு? எத்தனை சகோதரம்?" என்று கேட்டால் திங் பு தொங். வாசலில் நிற்கிற காவலாளி ஐயா பகிடி விட்டால் திங் பு தொங். உண்மையில் மூன்று மாதத்தில் பாதி விளங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் விளங்கினால் பதில் சொல்ல வேணும், பதில் சொன்னால் பிழை விட வேணும், பிழை விட்டால் சிரிப்பார்கள். அதனால் விளங்காத மாதிரியே இருந்தோம்.

ஒருநாள் கிண்ணியாக்காரிதான் சொன்னா: "எங்கட ஊர்ல பத்து வருசம் வேலை செஞ்சும் ஒரு வசனம் தமிழ் பேசாத உத்தியோகத்தர்மாரப் பத்தி நாம எவ்வளவு கதைச்சிருப்பம்? இப்ப நாம என்ன செய்யிறம்?"

அதுக்கு எங்களிடம் பதில் இல்லை. அதிகாரத்தில் இருந்துகொண்டு படிக்காமல் விடுவதும், வெட்கத்தில் கதைக்காமல் இருப்பதும் ஒன்று இல்லைதான். ஆனால் எதிரில் நின்று கேட்கிற மனுசருக்கு இரண்டும் ஒரே கதவு மாதிரித்தான் தெரியும்.

அங்கே எங்களோடு விடாமல் கதைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், நாங்கள் "ஷிஜியே" என்று கூப்பிட்ட சீனியர். ஷிஜியே என்றால் கூடப் படிக்கிற மூத்த அக்கா. எங்களைப் போலவே அவர்களும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. மற்றவர் ஹொஸ்டல் வாசலில் இருக்கிற "ஆயி". சீனத்தில் அது சின்னம்மா, அன்ரி மாதிரி ஒரு முறை. பழந்தமிழில் ஆயி என்றால் தாய் என்று சொல்லிக்கொடுத்தபோது அவ நம்பவே இல்லை. ஆயி ஒவ்வொரு நாளும் எங்களைக் கண்டவுடன் கேட்பது "ச்சி ல மா?" முதல்நாள் "ச்சீ" என்கிறாவோ என்று பயந்துவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அது எங்கட "சாப்பிட்டாச்சோ?" என்று.

ஷிஜியேயோடு எங்களுக்கு ஒரு சின்னக் கோபம் இருந்தது. வெளியில் போனால் மீஷியன் வாங்கித் தருவா. மீஷியன் என்றால் சூப்புக்குள் போட்ட அரிசி நூடில்ஸ்; இடியப்பத்தைச் சொதிக்குள் முக்கின மாதிரி என்று வையுங்கோ. கடன் வைக்கக்கூடாது என்று ஹொஸ்டலுக்கு வந்தவுடனேயே எங்கட பங்கை வீசாட்டில் அனுப்பிவிடுவோம். அவ அதை அமத்தி எடுக்கமாட்டா. வீசாட்டில் அனுப்பின காசை மற்றவர் ஏற்காவிட்டால் 24 மணித்தியாலத்தில் அது திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. "எங்கட காசு அவவுக்கு இளக்காரமோ" என்று நினைத்தோம். கணக்கை உடனே தீர்க்கிற ஆளோடு உறவு கொண்டாட முடியாது என்பதை அவ அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா. எங்களுக்கு அதுவும் திங் பு தொங்.

வசந்த விழா, அதாவது சீனப் புதுவருசம், வந்தது. கம்பஸ் வெறிச்சோடியது. போவதுக்கு முதல் ஷிஜியே கேட்டா: "எங்கட வீட்டுக்கு வாங்கோ." பஸ்ஸில் சில மணித்தியாலம் போக வேண்டிய ஊர். நாங்கள் "பரவாயில்லை, நீங்கள் போய்வாங்கோ" என்றோம். இரண்டாவது தரமும் கேட்டா. இரண்டாவது தரமும் அதையே சொன்னோம். எங்கட ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? மூன்றாவது தரம் கேட்டால்தான் தலையாட்டுவது. அதோடு, வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிசில் பதிய வேணும் என்று அங்கே சட்டம். அவவுக்கு ஏன் வீண் கரைச்சல் என்றும் நினைத்தோம். அவ மூன்றாவது தரம் கேட்கவில்லை.

புதுவருசத்துக்கு முதல்நாள் இரவு. கன்ரீன் பூட்டு. மீஷியன் கடை பூட்டு. மூன்று பேரும் ரைஸ் குக்கரில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தோம். ஆயி வந்து கதவைத் தட்டினா. கையில் ஒரு தட்டு, அதில் சுட்ட எர்குவாய். அவித்த அரிசியை இடித்துச் செய்கிற குன்மிங் பலகாரம் அது. அவவுக்கு அன்றிரவும் வேலை. "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டா. வாய் வரைக்கும் வந்த மந்திரச் சொல்லை விழுங்கிவிட்டு, "இன்னும் இல்லை, வாங்கோ, இருங்கோ" என்றோம். இலக்கணம் சரியோ தெரியாது.

ஆயி ஒரு மணித்தியாலம் இருந்தா. ஒரே மகன், குவாங்டொங்கில் தொழிற்சாலை வேலை, இந்த வருசம் வர முடியவில்லையாம். போனில் பேரனைக் காட்டினா. பேரன் குன்மிங் பேச்சை மறந்துகொண்டு வாறான் என்று கவலைப்பட்டா. ரொறன்ரோவில் இருக்கிற பேரப்பிள்ளைகளைப் பற்றி எங்கட அம்மம்மாமார் சொல்கிற அதே கதை, அதே குரல். சொல்லுக்குச் சொல் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை.

அடுத்தநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேணும். வெறும் தட்டைக் கொடுக்கிற பழக்கம் எங்கட வீடுகளில் இல்லை. பருப்பு வடை சுட்டு வைத்துக் கொடுத்தோம். இரண்டு நாளில் அந்தத் தட்டு தோடம்பழத்தோடு திரும்பி வந்தது. ஜூலையில் நாங்கள் வெளிக்கிடும் வரைக்கும் அந்தத் தட்டு ஒருநாளும் வெறுமையாக மேலே ஏறவோ கீழே இறங்கவோ இல்லை. வீசாட் மாதிரி அதைச் சதக் கணக்கில் தீர்க்க முடியாது. தீராததால்தான் பழக்கம் ஓடியது.

விடுமுறை முடிந்து ஷிஜியே வந்ததும், அவவோடு குன்யாங் போனோம். தியன்ச்சி ஏரிக்குத் தெற்கே இருக்கிற இடம். மிங் காலத்தில் பெரிய கப்பற்படைகளைக் கொண்டுபோன செங் ஹே பிறந்தது அங்கேதான். அவர் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அங்கே ஒரு பூங்காவில் அவருடைய தகப்பனாருக்கு எழுப்பிய கல்வெட்டு இருக்கிறது. அதில் தகப்பனாரைக் குறிப்பிடுவதே "ஹாஜி" என்றுதான். அதைக் கண்டதும் கிண்ணியாக்காரிக்குப் புளுகம் தாங்கவில்லை. நாங்கள் ஷிஜியேக்குச் சொன்னோம்: இவர் இலங்கைக்குக் கொண்டுவந்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 1911 இல் காலியில் கிடைத்தது, இப்ப கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கு என்று.

"தமிழில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டா.

எங்களுக்குத் தெரியாது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் மூன்று பேர், எங்கட மொழியில் இருப்பது என்ன என்று வாசித்ததில்லை. அன்றிரவுதான் தேடிப் பார்த்தோம். சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு, தமிழ்ப் பகுதி தென்னாவரம் நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. ஊராரின் மொழியில் ஊராரின் கடவுளுக்கு எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். அதே செங் ஹேயின் படைதான் 1411 இல் இங்கே சண்டை பிடித்து அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனது. அரசுகளின் நட்பு அப்படித்தான், ஒரு கையில் காணிக்கை, மற்றக் கையில் ஆயுதம். துறைமுகம் பற்றிய கேள்வியை அரசுகளிடம் கேட்க வேணும், கட்டாயம் கேட்க வேணும். ஆனால் அந்தக் கோபத்தில் "சீனாக்காரன்" என்று ஒற்றைச் சொல்லில் ஆயியையும் ஷிஜியேயையும் சேர்த்துக் கட்டுவதை இனிக் கேட்டுக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஷிஜியே கேட்டா: "ஏன் அண்டைக்கு வரமாட்டம் எண்டனீங்கள்? எங்கட வீட்டில சாப்பிட யோசிச்சனீங்களோ?"

விசயம் இதுதான். எங்களில் ஒராள் பன்றி இறைச்சி தொடமாட்டா என்று தெரிந்து, ஷிஜியேயின் அம்மா புதுச் சட்டி ஒன்று வாங்கியிருக்கிறா. பழைய சட்டியில் சமைத்தால் நாங்கள் சாப்பிடமாட்டோமாம். நாங்கள் மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்த நேரம், அந்த அம்மா சட்டியோடு காத்திருந்திருக்கிறா.

"இவங்கள் சேரமாட்டாங்கள்" என்ற வசனத்தை நாங்கள் அன்றோடு விட்டோம்.

எங்கட வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்ப வெளிநாடு போகத்தான் நிற்கிறோம். போகிற இடத்தில் மொழி வகுப்பு இருக்கும், செயலி இருக்கும், எங்கட ஆக்களின் வட்ஸ்அப் குழுவும் இருக்கும். எல்லாம் நல்லது. ஆனால் அங்குள்ள ஒருவருக்காவது நாங்கள் கடன்படாமல், ஒருவர் முன்னாலாவது பிழையாகக் கதைத்து வெட்கப்படாமல், "அவங்கள் அப்பிடித்தான்" என்று முடிவு சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் எங்கட கருத்து. போகாதவர்களுக்கும் இது பொருந்தும். தெற்கிலிருந்து வந்து எங்கட கம்பஸ்களில் படிக்கிற பிள்ளைகளும் தங்களுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் சேரமாட்டார்கள் என்று நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களில் ஒராளிடமாவது சாப்பிட்டாச்சோ என்று கேட்டிருக்கிறோமா?

இந்த வருசப் புதுவருசத்துக்கு ஷிஜியே ஒரு படம் அனுப்பினா. அவவின் வீட்டுக் குசினி, சுவரில் அந்தச் சட்டி. இன்னும் ஒருமுறைகூடப் பாவிக்கவில்லையாம். "எப்ப வாறீங்கள்?" என்று கேட்டிருந்தா. இந்த முறை முதல் தரமே "வாறம்" என்று எழுதிவிட்டோம். ரிக்கெற்றுக்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.