கோலார் சுரங்கமும் குவார்க்கும்

குவார்க் என்பது பெரிய படிப்பாளிகள் சமாச்சாரம். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அதில் என்ன ஜோலி என்று சிலர் கேட்கிறார்கள். ஜோலி உண்டு என்பதே நம் கருத்து.

துணியைப் பிரித்தால் நூல், நூலைப் பிரித்தால் பஞ்சிழை. இது திருப்பூரில் சிறு பையனுக்கும் தெரியும். இன்னும் பிரித்துக்கொண்டே போனால் அணு. அணுவின் கருவில் புரோட்டானும் நியூட்ரானும். இதோடு முடிந்தது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1964-ல் கெல்-மன், ஸ்வெய்க் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியே ஆராய்ந்து, புரோட்டானும் அதைவிடச் சிறிய துகள்களால் ஆனதே என்றார்கள். அந்தத் துகள்தான் குவார்க். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் தொடங்கிய சோதனைகளில் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சியபோது, அவை புரோட்டானுக்குள் ஏதோ சிறு பொடிகளில் பட்டுத் தெறிப்பது தெரிந்தது.

ஒரு புரோட்டானுக்கு மூன்று குவார்க். ஆனால் நூலை உருவுவதுபோல் குவார்க்கை வெளியே உருவ முடியாது. பலங்கொண்டு இழுத்தால், இழுக்கச் செலவான சக்தியே புதிய குவார்க் ஜோடியாகப் பிறந்துவிடுகிறது! இன்னொரு வேடிக்கை: மூன்றின் சொந்த எடையையும் கூட்டினால் புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதி முழுவதும் உள்ளே இருக்கும் ஓட்டமும் பிணைப்பும் தரும் எடை. (இதை வைத்துச் சங்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்ய நாக்கு துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறோம்.)

குவார்க் என்றென்றும் குவார்க்காகவே இருக்குமா? 1970-களில் ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் பாகிஸ்தானின் அப்துஸ் சலாமும், அது வேறு இனத் துகளாக மாறக்கூடும், அப்படியானால் புரோட்டானும் ஒரு நாள் சிதையும் என்றார்கள். கல், இரும்பு, நம் உடம்பு எல்லாவற்றிலும் புரோட்டான் இருக்கிறதே! சோதிக்காமல் விடலாமா? ஒரு புரோட்டானை உலகம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டன் கணக்கில் இரும்பைக் குவித்து, அதில் ஒன்றாவது சிதைகிறதா என்று காவலிருக்கலாம். வானிலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்கள் குழப்பாதிருக்க, பூமிக்கடியில் ஆழமாகப் போகவேண்டும்.

அந்த ஆழம் நம் நாட்டில் முன்பே தோண்டிக் கிடந்தது. கர்நாடகத்துக் கோலார் தங்கவயல்! தோண்டியவர்கள் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன தமிழ்க் கூலிகள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஜான் டெய்லர் கம்பெனிக்காக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நெஞ்சில் அடைத்துச் செத்தவர்கள் உண்டு.

1965-ல் அந்தக் குழியில்தான் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான், பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து, வான்கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். உலகில் முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. 1980-ன் இறுதியில், சுமார் 2300 மீட்டர் ஆழத்தில், 140 டன் கருவியை வைத்துப் புரோட்டானுக்குக் காவலிருந்தார்கள். சிதைந்தது போன்ற சில தடயங்கள் தெரிந்தன என்றார்கள். பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்றுவரை எங்கும் சிதைவு காணப்படவில்லை. அதுவும் அறிவுதான்.

அந்த ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் விஞ்ஞானிகள் பெயர் இருக்கிறது, இருக்கட்டும், உழைத்தார்கள். கூண்டை இறக்கியவன், பாறைக்கு முட்டுக் கொடுத்தவன், தண்ணீர் இறைத்தவன் பெயர் எங்கே? அவர்கள் இல்லாமல் ஒரு ஆணிகூடக் கீழே இறங்கியிருக்காது.

ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் நின்றன. 2001 பிப்ரவரி 28-ல் மத்திய அரசு சுரங்கத்தையே மூடியது. தங்கம் கட்டுபடியாகவில்லை என்றது கணக்குப் புத்தகம். கட்டுபடியாகவில்லை என்பது மெய்யாகவே இருக்கட்டும். நூறு வருஷ உழைப்பில் உண்டான அந்த ஆழத்துக்கு எந்தப் பத்தியில் விலை போட்டார்கள்? பம்புகளை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது. தொழிலாளர்கள் பாக்கிப் பணத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பின்னர் நியூட்ரினோ ஆய்வுக்கென்று தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலையைப் புதிதாகக் குடைய 2015-ல் அதே மத்திய அரசுதான் அனுமதி தந்தது!