மாடியறைக்கு ஏர்கான்தான் தீர்வா?

"மாடியில் ஏர்கான் இல்லை ஐயா, பிள்ளை தூங்குவதே இல்லை" என்று ஈசூனில் ஈரடுக்கு வீவக வீட்டில் வாழும் பெற்றோர் ஒருவர் வருந்தினார். வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளைக்காக நானும் வருந்துகிறேன். ஆயினும் ஏர்கான் ஒன்றே தீர்வு என்பதை ஏற்கேன்.

2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை செல்சியஸ் பதிவானது உண்மையே. ஆனால் ஏர்கான் வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. நம் அறை குளிர, அண்டை வீட்டார் வேகலாமா?

மேற்குச் சன்னலுக்கு நண்பகலிலேயே திரையிடுங்கள். இருட்டியதும் கீழ்த்தளச் சன்னல்களையும் மாடிச் சன்னலையும் திறந்து, மாடியில் மின்விசிறியை வெளிநோக்கி வையுங்கள். படிக்கட்டு வழியே மேலேறித் தேங்கிய வெப்பக்காற்று வெளியேறும். கீழிருந்து இரவுக்காற்று வரும். உறங்கும் வேளையில் விசிறியைப் பிள்ளையின் பக்கம் திருப்புங்கள். சன்னல் கம்பிக்கதவைப் பூட்ட மறவாதீர்கள்.

ஒரு வாரம் செய்து பாருங்கள். அதன்பின் ஏர்கான் கடைக்குப் போவதைப் பற்றிப் பேசுவோம்.