காருக்கு யூரியா கரைக்கலாமா?

கேள்வி: தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு பழைய பி.எஸ். 6 டீசல் கார் வாங்கினோம். மஞ்சள் விளக்கு எரிகிறது. டி.இ.எஃப். திரவம் தீரப்போகிறது என்கிறார் மெக்கானிக். 'அது வெறும் யூரியாத் தண்ணீர்தானே, மூட்டையிலிருந்து எடுத்துக் கரைத்து ஊற்று' என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா? வேறு எந்த விளக்குகளைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தத் திரவத்தில் 32.5 சதவிகிதம் யூரியா, மீதி தாது உப்புகள் நீக்கிய தண்ணீர். புகைக்குழாய்ச் சூட்டில் அது அமோனியாவாக மாறி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. வயலில் யூரியா அமோனியாவாகிக் காற்றில் போனால் நமக்கு நஷ்டம். காரில் அதற்கு அதுதான் வேலை!

ஆனால், நம் மூட்டையில் இருப்பது 2015 முதல் முழுக்க வேம்பு பூசிய யூரியா. எண்ணெய்ப் பூச்சு, பையூரெட், தூசி எல்லாம் அதில் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தெளிப்பானின் துளை அதைவிட நுண்ணியது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும் கெட்டால், செலவு பல மடங்காகும். தவிர, மானிய உரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

பெட்ரோல் பங்கில் ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சிட்ட, சீல் உடையாத கேனாக வாங்குங்கள். தள்ளிப்போடாதீர்கள், முழுக்கத் தீர்ந்தபின் வண்டியை அணைத்தால் பல கார்கள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சிவப்பு எண்ணெய்க் கிண்டி விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் மெக்கானிக் பார்க்காமல் ஓட்டக் கூடாது. சூடு காட்டும் சிவப்பு விளக்குக்கும் நிறுத்துவதே வழி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

டீசலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் விளக்கு நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும். பம்ப்செட்டுக்காகக் கேனில் வாங்கி, மழையில் கிடந்த டீசலைக் காரில் ஊற்றுவது ஒரு காரணம். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை மெக்கானிக்கிடம் சொல்லி வடித்துவிடுங்கள். விட்டுவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும்.

மஞ்சள் எஞ்சின் படம் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லலாம். மினுக்கினாலோ, வண்டி இழுக்காவிட்டாலோ நிறுத்திவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பதிவான கோளாறுக் குறியீடும் அழிந்துபோகும், மெக்கானிக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது.

விளக்குப் படங்கள் காருக்குக் கார் கொஞ்சம் மாறும். விற்றவரிடம் கையேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.