மாறும் தொழில்களும் மாறாத் தேவைகளும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

"படித்து முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்?" இக்கேள்வியைச் சந்திக்காத கல்லூரி மாணவர் எவரேனும் உண்டோ? முன்பு இக்கேள்விக்குப் பின்னால் அக்கறை மட்டும் இருந்தது. இப்போது அச்சமும் சேர்ந்துகொண்டது. 2022 நவம்பரில் 'சாட் ஜிபிடி' வெளிவந்த நாள்முதல், எழுதும் வேலை போயிற்று, கணக்கு வேலை போயிற்று, மொழிபெயர்ப்பும் போயிற்று என்று ஆளுக்கொரு பட்டியல் வாசிக்கிறார்கள். சென்ற ஆண்டு என் தாய்மாமா வீட்டுக்கு வந்து, "வரலாறு படிச்சு என்ன ஆகப் போவுது மாப்ள? நிறுத்திட்டு ஆறு மாசக் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேரு" என்றார். நானும் பாதி மனத்தோடு தலையசைத்துவிட்டேன். அன்றிரவு என் தந்தையார் சொன்ன செய்திகளே இக்கட்டுரைக்கு வித்தாயின.

என் தந்தையார் அச்சுக்கோப்பாளராய் இருந்தவர். 1986இல், பதினைந்தாம் வயதில், எங்கள் ஊரிலிருந்த சிறிய அச்சகம் ஒன்றில் சேர்ந்தார். அத்தொழிலைக் கண்டறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஈய எழுத்துகள், அறை அறையாகத் தடுக்கப்பட்ட மரப்பெட்டியில் கிடக்கும். அதற்குக் 'கேஸ்' என்று பெயர். இடக்கையில் 'ஸ்டிக்' என்னும் சிறு சட்டத்தைப் பிடித்து, வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்துகளோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லை, ளை, ணை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் மாறின. துதிக்கை போன்ற கொம்புடைய அந்தப் பழைய எழுத்துகள், தந்தையார் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஒரு மூலையறையில் தூசி படிந்து கிடந்தனவாம். அச்சடித்து முடிந்தபின் எல்லா எழுத்துகளையும் பிரித்து அதனதன் அறையில் மீண்டும் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இத்தனை உழைப்பு! நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அவையும் இவ்வாறு கோக்கப்பட்டவையே.

பின்னர் ஆப்செட்டும் டி.டி.பி.யும் வந்தன. 1985இல் அமெரிக்காவில் வெளியான 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருள், பத்தாண்டு கழித்து எங்கள் ஊர் அச்சகத்து மேசைக்கும் வந்து சேர்ந்தது. அச்சகத்தில் அப்போது நான்கு அச்சுக்கோப்பாளர்கள். மாலைநேரத்தில் கூலிப் பணத்தைக் கொடுத்து ஒரு நிலையத்தில் கணிப்பொறி பழகிய என் தந்தையார் ஒருவரே நிலைத்தார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர், கல்யாண மண்டபம் ஒன்றில் இரவுக் காவலாளியானார்.

இக்கதையை நான், "முயன்றவர் வென்றார்; முயலாதவர் தோற்றார்" என்று புரிந்துகொண்டு பெருமையோடு தந்தையாரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "அவருக்கு என்னைவிட நூறு மடங்கு தொழில் தெரியும் தம்பி. ஈயத்துலேயே தப்பு சொல்லுவாரு. எனக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு, கல்யாணமும் ஆகல. அவருக்கு நாப்பத்தெட்டு, மூணு புள்ளைங்க. சாயங்காலம் அவரு இன்னொரு வேலைக்குப் போவாரு. ஃபீஸ் கட்ட அவருகிட்ட ஏது காசு?" என்றார்.

அன்று எனக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. ஒன்று, தொழில் செய்வோர் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. மற்றொன்று, தொழில் நடத்துவோர் காதில் விழ வேண்டியது.

முதலாவது உண்மை: கருவி வேறு, தொழில் வேறு. ஈய எழுத்து போயிற்று. ஆனால் பிழையறியும் கண்ணும், எதுகை மோனைபோல் பக்கத்தை அளவாய் அமைக்கும் அறிவும், சந்தி இலக்கணமும் போகவில்லை. அவற்றைக் கொண்டுதான் தந்தையார் கணிப்பொறியிலும் பிழைத்தார். 1999இல் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தபோது அதையும் பழகினார். மற்றத் தொழில்களிலும் இதுவே நடக்கக் காண்கிறேன். வங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்துவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை அளித்தது. பேரேட்டில் கூட்டிக் கழித்து வட்டி போடும் வேலை பின்னர் மறைந்தே போயிற்று. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் தேநீர்க் கடையிலும் சில்லறைச் சத்தம் குறைந்தது. ஆயினும், பயிர்க்கடன் கேட்டு வரும் உழவருக்குத் தவணையையும் வட்டியையும் புரியும்படி எடுத்துச் சொல்லும் அலுவலரின் மேசைமுன் இன்றும் கூட்டம் நிற்கிறதன்றோ! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் கடைவீதியில் நடந்ததும் இதுவே. பற்று எது, வரவு எது என்று எழுதிப் பழகிய கணக்கப்பிள்ளைகள் புதிய முறையைச் சில வாரங்களில் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் அறிந்தவர்கள், திரை மாறியதும் திகைத்தார்கள்.

ஆகவே, எத்துறைக்குப் போகும் நண்பருக்கும் நான் சொல்ல விரும்புவன மூன்று. முதலில், தொழிலின் வேரைக் கற்றுக்கொள்ளுங்கள். 'எப்படி' என்பதோடு 'ஏன்' என்றும் கேளுங்கள். அடுத்து, கைத்தொழில் உயிரோடிருக்கும்போதே புதுக்கருவியைப் பழகுங்கள். வேலை போனபின் கற்பது பசியோடு சமையல் பழகுவதாகும். மூன்றாவதாக, இயந்திரம் தருவதைச் சரிபார்க்காமல் உங்கள் பெயரை அதன் கீழே எழுதாதீர்கள். எங்கள் ஊர் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்கை நுண்ணறிவிடம் ஒருநாள் கேட்டேன். அழகிய நடையில் எழுதிற்று. இல்லாத ஏரி ஒன்றையும் எங்கள் ஊருக்கு வழங்கிற்று! தந்தையார் பென்சிலால் அதைச் சுழித்துவிட்டு, "எவன் கோத்தா என்ன, புரூப் பாக்க ஒரு ஆளு வேணும்ல" என்று சிரித்தார்.

இரண்டாவது உண்மையைச் சற்று உரத்தே சொல்ல வேண்டும். பின்தங்கியவரை எல்லாம் சோம்பேறி என்பது அநீதி. 1975இல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கியவர் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன். அந்த நிறுவனமே 2012இல் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. வருவதை முன்பே கண்ட பெருநிறுவனமே தடுமாறிற்றென்றால், நாட்கூலியில் வாழும் ஒருவர் தாமாகவே மாறிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? புது இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர், அதைப் பழக்கும் நாட்களுக்கும் கூலி ஒதுக்க வேண்டும். அந்த மூத்தவருக்கு மூன்று மாதம், வேலைநேரத்திலேயே, கற்றுக்கொடுத்திருந்தால் அச்சகத்துக்கு ஒரு சிறந்த மெய்ப்பு திருத்துநர் கிடைத்திருப்பார். கல்யாண மண்டபத்து வாயிலில் ஒரு கலைஞர் விழித்திருக்க நேர்ந்திராது.

மாமா வருந்தினாலும் நான் கல்லூரியை விடவில்லை. சான்றை ஆராய்வதும், இரு கூற்றுகளை ஒப்பிட்டு மெய்யறிவதும் வரலாற்று மாணவனின் தொழில். இல்லாத ஏரிகள் பெருகும் காலத்தில் அத்தொழிலுக்குத் தேவை இராதா? மாமாவின் சொல்லையும் முற்றிலும் தள்ளிவிடவில்லை. மாலையில் தந்தையாரிடம் தட்டச்சும் பக்க அமைப்பும் பழகி வருகிறேன்.

நிறைவாக, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியின் கணினிக் கூடம் சனிக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அதை அரைநாள் திறந்துவிடுங்கள். நம் ஊர்த் தையற்காரர்களையும் கணக்கப்பிள்ளைகளையும் ஒளிப்படக்காரர்களையும் அழைப்போம். நாற்பது வயது கடந்தவர்களுக்கு முதலிடம் தருவோம். கட்டணமின்றிக் கற்றுக்கொடுக்க மாணவர்களாகிய நாங்கள் இருக்கிறோம். கைம்மாறாக அவர்கள் தம் தொழிலின் வேரை எங்களுக்குச் சொல்லட்டும். திறவுகோலை மட்டும் தாருங்கள். முதல் சனிக்கிழமையே என் தந்தையாரை அழைத்துக்கொண்டு நான் வந்து நிற்பேன்.