புஷ்பாவா, ஜெய்பீமா? திருத்தணியில் இருந்து பார்த்தால் விருதுச் சண்டை வேற மாதிரி தெரியும்!

தேசிய திரைப்பட விருது அறிவிப்பு வரும்போதெல்லாம் பழைய சண்டை ஒன்று மறுபடி டைம்லைனுக்கு வந்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 24-ல் 69-வது விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த நடிகர், ‘புஷ்பா’ படத்துக்காக அல்லு அர்ஜுன். “அப்போ ஜெய்பீம்?” என்று கொந்தளித்தார்கள் தமிழ் ரசிகர்கள். தெலுங்கு நடிகர் நானியே ‘ஜெய்பீம்’ பெயரைப் போட்டு, உடைந்த இதய எமோஜி வைத்தார்.

சென்னையில் இருப்பவருக்கும் ஐதராபாத்தில் இருப்பவருக்கும் கட்சி சேர்வது ஈஸி. திருத்தணிக்காரருக்கு அப்படி இல்லை.

ரெண்டும் நம்ம ஊர் கதைதான்

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. உள்ளிட்டோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர் இது. நகரி, புத்தூர் தாண்டினால் திருப்பதி. அங்கேதான் புஷ்பா செம்மரம் வெட்டும் சேஷாசலம் காடு. அல்லு அர்ஜுன் பேசும் சித்தூர் வழக்கு, இந்த ஊர்க் காதுக்கு அந்நியமே இல்லை.

‘ஜெய்பீம்’ சொல்வது இருளர் குடும்பத்தின் கதை. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைவதும், முன்பணம் வாங்கிவிட்டுக் கொத்தடிமையாகச் சிக்குவதும் அவர்களுக்கு சினிமா அல்ல.

யாருக்குக் கொடுத்திருக்கணும்?

நடிப்பை மட்டும் பார்த்தால், அல்லு அர்ஜுனுக்குக் கொடுத்ததில் தப்பில்லை. ஸ்டைலான நாயகன் என்று பெயர் எடுத்தவர், தூக்கிய தோளும் வட்டாரப் பேச்சுமாக மூன்று மணி நேரம் வேறு ஆளாகவே நின்றார். அதுவரை கிடைக்காத சிறந்த நடிகர் விருது அவர் மூலம்தான் முதல்முறையாகத் தெலுங்குக்குப் போனது. தமிழுக்கோ அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் வந்தது: ‘அசுரன்’ தனுஷ், ‘சூரரைப் போற்று’ சூர்யா.

“கடத்தல்காரன் வேஷத்துக்கு விருதா?” என்ற கேள்வியும் வந்தது. 2015 ஏப்ரல் 7-ல் அதே சேஷாசலத்தில் ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். படத்தில் கூலியாள் சிண்டிகேட் தலைவன் ஆகிறான். நிஜத்தில் கூலியாள் பிணமாகத் திரும்பினான். அது கதையின் மீது வைக்கவேண்டிய நியாயமான விமர்சனம். நடிகர் மீது அல்ல.

அதேபோல, ‘ஜெய்பீம்’ படத்தில் சூர்யாவைவிட மனசை உலுக்கியவர்கள் ராசாக்கண்ணுவாக வந்த மணிகண்டனும் செங்கேணியாக வந்த லிஜோமோல் ஜோஸும்தான். “சூர்யாவுக்கு ஏன் தரல?” என்ற சத்தத்தில் இந்த இரண்டு பேரும் காணாமல் போனதுதான் பெரிய சோகம். ‘கர்ணன்’ தனுஷ், ‘சார்பட்டா பரம்பரை’ ஆர்யா பற்றியும் பேச்சு பெரிதாக எழவில்லை.

சிக்கல் எங்கே?

ஆஸ்கரில் நடிப்புக்கான ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேரை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். தோற்றவருக்கும் ‘நாமினி’ என்ற மரியாதை உண்டு. தேசிய விருதில் அந்த வழக்கமே கிடையாது. தயாரிப்பாளர்கள் படத்தை அனுப்ப வேண்டும். மண்டலக் குழுக்கள் வடிகட்டும். அவை பரிந்துரைப்பதில் இருந்து மத்தியக் குழு தேர்வு செய்யும். தமிழும் தெலுங்கும் வெவ்வேறு மண்டலக் குழுக்களில் இருப்பதால், இரண்டும் நேருக்கு நேர் மோதுவது மத்தியக் குழுவில்தான். அங்கே கடைசிச் சுற்று வரை யார் வந்தார்கள், யார் எதனால் நழுவினார்கள் என்பது வெளியே வராது.

அதனால்தான் வெற்றி பெற்றவர் மீது சந்தேகம் விழுகிறது. தோற்றவர் பெயரில் வதந்தி கிளம்புகிறது. நடிப்பைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் மாநிலங்களுக்கு இடையே மல்லுக்கட்டு நடக்கிறது. 2025-ல் ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாஸிக்கும் பகிர்ந்து கொடுத்தபோதும் கேள்விகள் ஓயவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். கடைசிச் சுற்றில் இருந்த ஐந்து பெயர்கள், வென்றவர் ஏன் வென்றார் என்று நாலு வரி. இதை அறிவிப்போடு வெளியிட்டாலே போதும். அப்படிச் செய்திருந்தால், புஷ்பாவுக்குக் கைதட்டிய திருத்தணிக்காரர், அதே பட்டியலில் செங்கேணி பெயர் இருந்ததா என்றும் பார்த்திருப்பார். இல்லையென்றால், ஏன் இல்லை என்று சரியான இடத்தில் கேட்டிருப்பார்.