கல்லிடுக்கில் பூசும் சாந்தும் கரைந்துபோகும் பெற்றோர் பணமும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் கூட்டுப்பணி தொடங்கிவிடும். சுவருக்குச் சாயம், வேலிக்குக் கம்பி, கூரைக்குத் தகரம் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வேலை உண்டு. சபைகூடல் தளத்திலும் நடைபாதையிலும் பாவப்பட்டிருக்கும் தளக்கற்களின் இடுக்குகளைச் சிமெண்டுச் சாந்தால் அடைப்பதுதான் அது. “புல் முளைக்கிறது, எறும்பு மண் தள்ளுகிறது, கல் ஆடுகிறது, நான்கு மூட்டை சிமெண்டு வாங்கி அடைத்துவிட்டால் தீர்ந்தது” என்று ஒருவர் எழுந்து சொல்வார். அனைவரும் தலையசைப்பர். தீர்மானம் நிறைவேறிவிடும்.

மணற்படுகையின்மேல் பாவிய கற்களின் இடுக்கில் சாந்து பூசுவது வீண்வேலை மட்டுமன்று. தளத்தையே கெடுக்கும் வேலை. அதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் ஒரு ரிங்கிட்கூடச் செலவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கொத்து வேலையைப் பற்றி ஓர் ஆசிரியர் ஏன் எழுத வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். அத்தளத்தில் ஓடுவதும் விழுவதும் நம் மாணவர்கள். அதற்குப் பணம் கொடுப்போர் அவர்தம் பெற்றோர். ஆகவே எழுதத்தான் வேண்டும்.

இரண்டே முறைகள்

கல் பாவுவதற்கு அடிப்படையில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது நெகிழ்வான முறை. இறுக்கிய சல்லிப் படுகையின்மேல் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் மணல் பரப்பி, அதன்மேல் கற்களை நெருக்கமாகப் பாவி, இடுக்குகளில் உலர்ந்த நுண்மணலைப் பெருக்கித் தள்ளி நிரப்புவர். நான்கு பக்கமும் கரைக்கல் நட்டுக் கற்கள் விலகாமல் பிடித்துக்கொள்வர். இரண்டாவது இறுக்கமான முறை. சரிவுடன் வார்த்த காங்கிரீட் தளத்தின்மேல் கல்லின் அடிப்பாகம் முழுவதும் படும்படி சாந்து இட்டுக் கல்லைப் பதித்து, இடுக்குகளையும் சாந்தால் நிரப்புவர். பிரிட்டனின் தளக்கல் தரவிதியான பி.எஸ். 7533 இவ்விரண்டையும் வெவ்வேறு கட்டுமானங்களாகவே பிரித்துப் பேசுகிறது.

இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றுதான்: படுகை எதுவோ, இடுக்கும் அதுவே. அடியில் மணல் என்றால் இடுக்கிலும் மணல். அடியில் காங்கிரீட்டும் சாந்தும் என்றால் இடுக்கிலும் சாந்து. நம் பள்ளிகளில் நடப்பதோ இரண்டுங்கெட்டான் முறை. அடியில் மணல், மேலே சாந்து! மணலில் கிடக்கும் கல் சிறிதளவு அசையும்; அசைவதே அதன் இயல்பு. சிமெண்டுச் சாந்து அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பையும் வளைவையும் தாங்காது. ஒரு விரல் அகலமுள்ள சாந்துக் கீற்றை அசையும் இரு கற்களுக்கு நடுவில் வைத்தால் என்ன ஆகும்? கல்லின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். காலையில் இருநூறு மாணவர் வரிசையாக நடந்து செல்லும் தளத்தில் அது விழுவதற்கு நெடுநாள் ஆகாது.

வெடிப்பில் நுழையும் நீர்

வெடிப்பு விழுந்த பிறகுதான் உண்மையான கேடு தொடங்குகிறது. அம்மயிரிழை வழியே மழைநீர் உள்ளே இறங்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருப்பதால் எளிதில் உலராது. கல்லை மிதிக்கும்போதெல்லாம் அடியில் தேங்கிய நீர் அழுந்தி, மணலையும் இழுத்துக்கொண்டு வெடிப்பின் வழியே பீறிடும். மழை விட்டபின் நடக்கையில் கல்லிடுக்கிலிருந்து சேற்றுநீர் தெறித்துக் காலுறையை நனைப்பது இதனால்தான். இப்படி நாளும் மணல் வெளியேற, கல்லின் அடியில் பள்ளம் உண்டாகிறது. ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயர்கிறது. உயர்ந்த முனையில் ஏழு வயதுப் பிள்ளையின் கால் தட்டுகிறது. தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கிப் பாசி படர்கிறது, அங்கு வழுக்குகிறது.

தேங்கும் நீருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அதற்குப் பெரிய குளம் தேவையில்லை. சிறிதளவு நீர் நின்றாலே போதுமானது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கூடங்களுக்கு விலக்கு அளித்துவிடவில்லை. பூச்சாடித் தட்டில் நீர் தேங்குகிறதா என்று தேடித் தேடிப் பார்க்கும் நாம், காலடியில் தேங்கும் நீரையும் பார்க்க வேண்டாமா?

நம் மண்ணும் நம் மழையும்

கெடா சமவெளியில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. அலோர் ஸ்டாரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆனால் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வானம் வறண்டுவிடும். நம் சமவெளியின் பெரும்பகுதி களிமண். மழையில் அது ஊதும்; வறட்சியில் சுருங்கி வெடிக்கும். அறுவடைக்குப் பிந்திய வயலைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஆண்டுதோறும் ஊதிச் சுருங்கும் நிலத்தின்மேல் மணல் பரப்பி, அதன்மேல் அசையாத சாந்துக் கட்டை எதிர்பார்ப்பது எவ்வகை அறிவு?

நீருக்கு வழிவிட வேண்டும் என்பதை இம்மாநிலம் என்றோ உணர்ந்திருந்தது. 1885-இல் தொடங்கப்பட்டு அலோர் ஸ்டாரையும் குருணையும் இணைத்த வான் மாட் சாமான் வாய்க்கால் இன்றும் நம் கண்முன் ஓடுகிறது. சதுப்பாகக் கிடந்த நிலம் வயலானது அத்தகைய வாய்க்கால்களால்தான். 2010 நவம்பர் வெள்ளத்தில் அலோர் ஸ்டார் விமான நிலையமே நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000-ஆம் ஆண்டு வெளியிட்டு, 2012-இல் திருத்திய ‘மஸ்மா’ என்னும் நகர வடிகால் கையேடும், மழைநீரைப் பெய்த இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்ற கொள்கையைத்தான் வலியுறுத்துகிறது. அரசு கையேடு போட்டு நீருக்கு வழிவிடச் சொல்கிறது. நாம் தீர்மானம் போட்டு வழியை அடைக்கிறோம்.

இங்கு ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். களிமண் நீரை விரைந்து உறிஞ்சாது. எனவே மணலிடுக்கு மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அடியில் நல்ல சல்லிப் படுகையும், மீட்டருக்கு 15 மில்லிமீட்டர் அளவு சரிவும், ஓரத்தில் அடைப்பில்லாத கால்வாயும் இருந்தாக வேண்டும். ஆடும் கல்லுக்கு மருந்து கல்லைப் பெயர்த்து அடிப்படுகையைச் சீர்செய்வதே. மேலே சாந்து பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பாகும்.

“சாந்து இல்லாவிட்டால் உறுதி ஏது?”

இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்கள் சாந்தின்றியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கற்களின் எடையும் பொருத்தமுமே அவற்றைத் தாங்குகின்றன. அது சுவர், இது தரை என்பீர்கள். சரி, திருவரங்கத்தைப் பாருங்கள். அரங்கநாதர் கோயிலின் புதுப்பிப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பாராட்டப்பட்டவற்றுள் ஒன்று, பழைய வடிகால், மழைநீர்ச் சேகரிப்பு அமைப்புகளை மீண்டும் செயற்படுத்தி வெள்ளம் தேங்காமல் செய்தது. நம் முன்னோர் தரையை அமைக்கும்போதே நீர் எங்கே போகும் என்று எண்ணினார்கள். நாமோ தரையை அடைத்துவிட்டுப் பிறகு எண்ணுகிறோம்!

“புல் முளைக்கிறதே?” என்பது அடுத்த கேள்வி. புல்விதை பெரும்பாலும் காற்றில் பறந்து மேலிருந்து வந்து விழுகிறது. மணலில் முளைப்பது போலவே வெடித்த சாந்திலும் அது முளைக்கும். ஒரு வேறுபாடு: மணலில் முளைத்ததைக் கையால் பிடுங்கிவிடலாம், சாந்தின் வெடிப்பில் வேரூன்றியதைப் பிடுங்கினால் சாந்தும் பெயர்ந்து வரும். எறும்பு மணலைத் தள்ளுவது உண்மை. ஆண்டுக்கொரு முறை மணலைப் பெருக்கி நிரப்பினால் போயிற்று. அதற்கு ஒரு காலைப்பொழுதும் சில துடைப்பங்களும் போதும்.

சாந்து தேவைப்படும் இடம்

சாந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிற்றுண்டிச்சாலையின் முன்புறம், கைகழுவும் இடம் போன்று எண்ணெயும் நீரும் சிந்துமிடங்களில் காங்கிரீட் தளத்தின்மேல் கல் பதித்திருந்தால் இடுக்கைச் சாந்தால்தான் நிரப்ப வேண்டும். அதையும் முறையாகச் செய்ய வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கே நீர் சேர்த்து, இடுக்கின் முழு ஆழத்திற்கும் திணித்து அழுத்த வேண்டும். கூழ்போல் கரைத்து ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவது வேலையன்று. கல்லெல்லாம் வெள்ளை படிவதுதான் மிச்சம். சில நாள்கள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தளம் பெரியதாயின் சில மீட்டர் இடைவெளியில் விரிவுக்கான இடுக்கும் விட வேண்டும். வெப்பத்தால் பொருள் விரியும் என்று வகுப்பில் கற்பிக்கும் நாமே முற்றத்தில் அதை மறக்கலாமா?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. தோலை அரித்துப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பெருங்கேடு விளைவிக்கும். கூட்டுப்பணியில் தாய்மார்கள் வெறுங்கை விரலால் இடுக்கில் சாந்து தேய்ப்பதையும், மாணவர்கள் வாளி சுமப்பதையும் இனியாவது நிறுத்துங்கள். கையுறையும் காலணியும் இன்றி எவரும் சிமெண்டைத் தொடக் கூடாது. மாணவர்கள் அறவே தொடக் கூடாது.

யார் பணம்?

நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். அவற்றின் நிலம் அரசுக்குச் சொந்தமன்று. ஆகவே பராமரிப்புச் சுமையில் ஒரு பங்கு பள்ளி வாரியத்தின்மீதும் பெற்றோர்மீதும் விழுகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஈட்டிய கூலியிலிருந்து வருவது அப்பணம். அதை இரண்டு ஆண்டுக்கொருமுறை ஒரே இடுக்கில் கொட்டிப் பெயர்த்தெடுப்பதை வளர்ச்சிப்பணி என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நேர்மையாகாது. அதிகாரிகள் வருகைக்கு முதல்நாள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் வேலை, வருகை முடிந்த சில மாதங்களில் பல்லிளிக்கும்.

அடுத்த கூட்டத்தில் இத்தீர்மானம் வந்தால், பெற்றோர்களே, குத்தகைக்காரரிடம் இவ்வைந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. கல்லின் அடியில் இருப்பது மணலா, காங்கிரீட்டா? ஒரு கல்லைப் பெயர்த்துக் காட்ட முடியுமா?
2. சரிவு எந்தப் பக்கம்? நீர் எந்தக் கால்வாயில் சேரும்?
3. ஆடும் கற்களைப் பெயர்த்து அடிப்படுகையைச் சரிசெய்யும் செலவு விலைப்பட்டியலில் உள்ளதா?
4. கரைக்கல் உறுதியாக உள்ளதா?
5. வெடிப்பு விழுந்தால் எத்தனை மாதத்திற்குள் உங்கள் செலவில் சரிசெய்து தருவீர்கள்?

முதல் கேள்விக்கு “மணல்” என்று விடை வந்தால், சாந்துக்கான தொகையை அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். அத்தொகையில் சல்லியும் மணலும் வாங்கலாம். மிஞ்சியதை நூலகத்திற்கு ஒதுக்கலாம்.