ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் நாய் வளர்ப்பது என்று தீர்மானமாகிவிட்டதாம். எந்த நாய் என்பதில்தான் தகராறு. "அவருக்கு ராஜபாளையம்தான் வேண்டும், ப்ளஸ் ஒன் படிக்கும் மகனுக்குச் சிப்பிப்பாறை. நாலு நாளாக அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்கிறார்.

தீர்ப்பு இருக்கட்டும். முதலில் வாதி, பிரதிவாதி இருவரையும் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

இரண்டும் நம் தெற்கத்திச் சீமைப் பிறப்பு. விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. ராஜபாளையம் நாயின் படம் 2005-ல் தபால் தலையிலேயே வந்துவிட்டது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இரண்டின் பெயரையும் சொன்னார். ஆகவே கௌரவத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. வித்தியாசமெல்லாம் குணத்தில்.

ராஜபாளையம் பால் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். பார்க்க ராஜகம்பீரம். காவலுக்குக் கெட்டிக்காரன். ஆனால் வீட்டாரிடம் காட்டும் பிரியத்தை வெளியாரிடம் எதிர்பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் தலையைத் தடவினால் அதற்குப் பிடிக்காது. பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நாள் முழுதும் ஆள் வந்து போகும் வீட்டில் இது பெரிய பொறுப்பு.

இன்னொரு விஷயம். இந்த வெள்ளை ஜாதியில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. நீலக் கண் குட்டி அழகாக இருக்கிறதே என்று மயங்கிவிடாதீர்கள். செவிட்டுத்தன்மை அதில்தான் அதிகம் பார்க்க வேண்டியது. வாங்குமுன் குட்டியின் முதுகுப்புறம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தட்டைத் தரையில் போட்டுப் பார்க்கக் கூடாது. தரை அதிர்வதை உணர்ந்தே குட்டி திரும்பி, உங்களை ஏமாற்றிவிடும்.

சிப்பிப்பாறை வேறு தினுசு. ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால், விலா எலும்பு தெரியும் உடம்பு. "ஏன் மாமி, நாய்க்குச் சோறே போடுவதில்லையா?" என்று தெருவே விசாரிக்கும். அதற்காகக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். அதன் வாகே அதுதான். வீட்டுக்குள் சாது. ஆனால் முயல் துரத்தப் பிறந்த ஜாதி. கண்ணுக்கு எதிரே எது ஓடினாலும், கோழியோ பூனையோ, பின்னாலேயே பறக்கும். அப்போது நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. நாலடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகையால் ரோட்டில் ஒரு கணமும் சங்கிலியை விடக் கூடாது. ஊருக்கு வெளியே முயல் பிடிக்கக் கூட்டிப் போகலாம் என்று பிள்ளை நினைத்தால், 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தேவை ஓட்டம். வேட்டைக்கு ஓடிய பரம்பரையைச் சங்கிலியில் கட்டிப் போட்டால், சும்மா இருக்குமா? குரைக்கும், குழி பறிக்கும், செருப்பைக் கடிக்கும்; கடைசியில் மனிதரையும் கடிக்கும். எட்டு மாதம் ஆசையாக வளர்த்துவிட்டு, பிறகு எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். திண்டுக்கல் சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்குத் தார் ரோடு நாயின் பாதத்தைப் பொசுக்கும். ஆகவே விடியுமுன் போய்வர வேண்டும். வெள்ளை நாய்க்கு மூக்கும் காதும் வெயிலில் வெந்துவிடும்.

அடுப்பங்கரைக்கும் ஒரு வார்த்தை. வெங்காய சாம்பார் சாதம் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். விருந்து முடிந்து பிரியாணி எலும்பை அள்ளிப் போடுவதும் தப்பு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வயிறு நிறையத் தின்றவுடன் ஓட விடாதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான இந்த ஜாதிகளுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போடுங்கள். தப்பித் தவறி யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் கூடவே கூடாது.

சரி, தீர்ப்புக்கு வருவோம். மாலையில் பத்துப் பதினைந்து குழந்தைகள் உங்களிடம் டியூஷனுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு ராஜபாளையம் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். சிப்பிப்பாறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நாய் வருவதற்கு முன்பே, பிள்ளை ஒரு மாதம் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெறுங்கையோடு முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வரட்டும். முப்பது நாளும் தவறாவிட்டால் குட்டி வரலாம். பாதியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால், தெருவில் தாயில்லாமல் தவிக்கும் ஒரு நாட்டுக்குட்டிக்கு இடம் கொடுங்கள். அது இவ்வளவு கேட்காது.

முடிவாக ஒன்று. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பிள்ளை இரண்டு வருஷத்தில் காலேஜுக்குப் போய்விடுவான். அவர் ஆபீசுக்குப் போய்விடுவார். அப்புறம் விடியற்காலையில் சங்கிலியைப் பிடிக்கப் போகிற கை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் அப்பாவும் பிள்ளையும் வாதாடட்டும். சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களால் முடியாது என்று தோன்றினால், தயங்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.